முயலின் வயிறு: காலையில் முதலில் தட்டைப் பாருங்கள்

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நான் போய்ப் பார்ப்பது முயல் கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டைத்தான். இரவில் எவ்வளவு புழுக்கை விழுந்திருக்கிறது, என்ன அளவில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முயலின் முகத்தைப் பார்ப்பேன். முயல் வலியை மறைக்கும் பிராணி. நாய் மாதிரி முனகாது, பூனை மாதிரி கத்தாது. மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும், நாமும் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தட்டுதான் முதலில் சொல்லும்.

எங்கள் ஊர் பூம்பாறை. கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் வழியில் இருக்கிறது. சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறோம். முதல் முயல் மல்லி 2017 கார்த்திகையில் செத்துப்போனது. எங்கள் பக்கம் கேரட்டுக்குப் பஞ்சமே கிடையாது. உடைந்தது, கவட்டையாகப் போனது, லாரிக்கு ஏறாதது எல்லாம் பை பையாக வீட்டுக்கு வந்துவிடும். முயல் என்றாலே கேரட்தானே என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை கொடுத்தோம். பிள்ளைகள் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஒரு வாரமாகப் புழுக்கை சிறுத்துக்கொண்டே வந்தது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெளியே மழை. வயிறு நிறைந்திருக்கும், காலையில் பார்ப்போம் என்று படுத்துவிட்டோம். காலையில் மல்லியின் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. அந்த இரவு எனக்குத் தெரியாமல் போனதையெல்லாம்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது இருப்பது சாம்பல். சோவியத் சின்சில்லா இனம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அங்கே இந்த இனத்தையும் வெள்ளை ஜெயண்டையும் வளர்க்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முயல் வளர்ப்பு புதிதில்லை. ஆனால் பண்ணைக்காரர் சொல்லும் தீவன அளவை வீட்டு முயலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை ஏற வேண்டும். நம் முயல் எட்டு வருஷம், பத்து வருஷம் நம்மோடு இருக்க வேண்டும். அவர் கணக்கில் பெல்லட், அதாவது அரைத்து அழுத்திக் குச்சி மாதிரி செய்த தீவனம், முதலில் வரும். நம் கணக்கில் புல்தான் முதலில்.

வயிற்றுக்குள் நடப்பது

முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. இரைப்பையை விடவே பெரியது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதற்குள் இருந்து புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன, நாம் மாவு புளிக்க வைப்பது மாதிரி. அந்தச் சத்து மெத்தென்ற, பளபளப்பான, திராட்சைக் கொத்து போன்ற புழுக்கையாக வெளியே வரும். முயல் குனிந்து அதை வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். பார்க்கிறவர்கள் அருவருப்படைந்து தடுப்பார்கள். தடுக்காதீர்கள். அது முயலுக்கு இரண்டாவது சாப்பாடு, அதிலிருந்துதான் சில வைட்டமின்களும் புரதமும் கிடைக்கின்றன. தட்டில் நாம் பார்க்கும் உருண்டை வேறு. அது சக்கை.

குடல் ஓடிக்கொண்டே இருக்க நார் வேண்டும். கடிக்கக் கடினமாக இருக்கும் நீளமான நார்தான் குடலைத் தள்ளிக்கொண்டு போகும். அது குறைந்து சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடினால் பைக்குள் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து கெட்டவை பெருகும். வாயு கட்டும். வாயுவால் வலி வரும், வலியால் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகும். இதில் இன்னொரு சங்கடம், முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வர வேண்டும். முழுசாக நின்றுபோனால் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

புல்

சாம்பல் சாப்பிடுவதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்தான். காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும், தீரவே கூடாது. அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் என்று கண்ணளவில் வைப்பேன். கடையில் விற்கும் திமோத்திப் புல் நல்லதுதான், ஆனால் மலைக்கு மேலே வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. இங்கே மேட்டிலெல்லாம் கிக்குயு புல் மெத்தை மாதிரி படர்ந்து கிடக்கிறது. அதைத்தான் நான் அறுத்துக் காயவைக்கிறேன்.

அறுப்பது தை, மாசியில். அப்போது விடியற்காலையில் உறைபனி கொட்டினாலும் பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும். பதினொரு மணிக்கு மேல், புல்லில் ஈரம் போன பிறகுதான் அரிவாளை எடுப்பேன். மொட்டை மாடியில் மெல்லிசாகப் பரப்பி, மத்தியானம் ஒரு தடவை புரட்டிப் போட்டு, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே அள்ளிவிடுவேன். மூன்று நாலு நாள் இப்படி. தண்டை வளைத்தால் நொடிந்து ஒடிய வேண்டும், துவண்டால் இன்னும் காயவில்லை. நிறம் பச்சை கலந்த வெளிறலாகவும் வாசனை தேயிலைப் பெட்டியைத் திறந்த மாதிரியும் இருக்கும். சணல் சாக்கில் போட்டு அடுப்படிக்கு மேலே பரணில் வைக்கிறேன். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த இரண்டு மாதமும் சாக்கை வாரம் ஒரு தடவை அவிழ்த்து மோந்து பார்க்கிறேன். மக்கல் வாடை வந்தாலோ, உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி பறந்தாலோ அந்தச் சாக்கு முழுவதும் குப்பைக்குத்தான். கொஞ்சம்தானே என்று பொறுக்கி எடுத்துப் போடுவதில்லை. பூஞ்சணம் பிடித்த புல் முயலின் குடலுக்கு விஷம்.

பச்சைப் புல்லும் கொடுக்கலாம், அறுத்த உடனே. அறுத்துக் குவித்து வைத்து, உள்ளே கை விட்டால் சூடாக இருக்கிற புல்லைக் கொடுத்தால் வயிறு உப்பும். உறைபனியோடு, சொட்டச் சொட்ட ஈரத்தோடு இருப்பதையும் கொடுப்பதில்லை, நிழலில் உதறிப் போட்டு ஈரம் போன பிறகுதான். எங்கே அறுக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். தோட்டத்து வரப்பில் அறுக்கவே அறுக்காதீர்கள். உருளைக்கும் பூண்டுக்கும் அடிக்கிற மருந்து வரப்புப் புல்லிலும் விழுந்திருக்கும். நான் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மருந்து படாத ஒரு துண்டு மேட்டை இதற்கென்றே விட்டு வைத்திருக்கிறேன்.

இலை, பெல்லட், கேரட்

தினமும் இரண்டு கைப்பிடி இலை. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை, காலிஃபிளவர் இலை. ஒரே இலையைத் தினமும் போடாமல் இரண்டு மூன்றாகக் கலந்து மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. முட்டைக்கோஸ் சில முயலுக்கு வாயு கட்டும், சாம்பலுக்கு ஆகவே ஆகாது. பசலை, பீட்ரூட் இலை எப்போதாவது கொஞ்சம். புது இலை எதுவானாலும் முதல் நாள் ஒரே ஒரு இலை, மறுநாள் தட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுவேன். பெல்லட்டை மாற்றுவதென்றால் பழையதில் புதியதைக் கலந்து பத்து நாளில் மாற்ற வேண்டும்.

பெல்லட், முயலின் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். கடைத் தராசில் 60 கிராம் நிறுத்துப் போடுகிறேன், அதையும் காலையில் பாதி, சாயங்காலம் பாதி. கிண்ணம் நிறையக் கொட்டி வைத்தால் முயல் புல்லைத் தொடவே தொடாது. விதை, சோளம், கடலை கலந்த கலர் கலரான பாக்கெட் தீவனத்தை வாங்கவே வேண்டாம்.

கேரட்டை முழுக்க நிறுத்தவில்லை. பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, வாரத்தில் இரண்டு நாள். பேரிக்காய் பருவத்தில் விதையை எடுத்துவிட்டு அதே அளவு. கடிக்க பேரி மரக் குச்சி கொடுக்கிறேன், அதில் பல் நன்றாகத் தேயும். முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும். தேயாமல் கடைவாய்ப் பல் முள் மாதிரி நீட்டி நாக்கைக் குத்தினால், பசியோடு வந்து இலையை எடுக்கும், உடனே கீழே போட்டுவிடும். தாடை ஈரமாக இருக்கும். அதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, டாக்டர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

எங்கள் மலையில் கொடுக்கக் கூடாதது நிறைய. உருளைக்கிழங்குச் செடியும் முளைவிட்ட கிழங்கும், பூண்டுத் தாள், வெங்காயத் தாள், கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தில் இருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டின் பழமும் இலையும் கொட்டையும், உன்னிச்செடி, பெரணி, ஊமத்தை. வேலியோரம் மணி மணியாகத் தொங்கும் பெரிய ஊமத்தம் பூ பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் ஆசையாகப் பறித்து நீட்டுவார்கள். முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தண்ணீர் கனமான மண் சட்டியில் வைக்கிறேன். குழாய் பாட்டிலை நக்குவதை விடச் சட்டியில் அதிகமாகக் குடிக்கிறது. மார்கழியில் வெதுவெதுப்பாக மாற்றி மாற்றி ஊற்றினால் இன்னும் நன்றாகக் குடிக்கும்.

தட்டைப் படிப்பது

நல்ல புழுக்கை கறுப்புக் கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு விழும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் மரத்தூள் மாதிரி உதிர வேண்டும், உள்ளே புல்லின் நார் கண்ணுக்குத் தெரியும். நாற்றம் இருக்காது.

சிறுத்து மிளகு அளவுக்கு வந்தால், அல்லது கறுத்து இறுகி ஒன்றுக்கொன்று வேறு வேறு அளவில் இருந்தால், நார் போதவில்லை அல்லது ஏதோ வலி இருக்கிறது. அன்றைக்கே பெல்லட்டை நிறுத்திப் புல்லைக் கூட்டுவேன். முடியில் கோத்த மணி மாதிரி தொடர்ந்து வந்தால் முடி உதிரும் காலம் என்று அர்த்தம், தினமும் சீவிவிட வேண்டும். திராட்சைக் கொத்துப் புழுக்கை தின்னப்படாமல் தட்டில் நசுங்கிக் கிடந்தால் பெரும்பாலும் பெல்லட்டோ இனிப்போ அதிகம். இல்லையென்றால் உடம்பு பெருத்தோ மூட்டு வலித்தோ குனிய முடியவில்லை. பின்பக்கம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், அது மிகக் கொடுமை.

தண்ணீர் மாதிரியே போனால், சளி சளியாக வந்தால், அது வேறு. அதற்கு வீட்டு வைத்தியமே கிடையாது. குட்டிகளுக்கு ஈரக் கூண்டில் ரத்தக் கழிச்சல் கிருமி சீக்கிரம் பற்றும், சில மணி நேரத்தில் துவண்டுவிடும். புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். பரிசோதித்துப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை கடைத் தராசில் காய்கறிக் கூடையை வைத்து சாம்பலை நிறுப்பேன். 3 கிலோ 150 இருந்தது இரண்டு வாரத்தில் 3 கிலோவுக்கு இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். காலண்டர் தாளில் எழுதி வைக்கிறேன்.

சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டால்

2022இல் சாம்பலுக்கும் வந்தது. முடி கொட்டும் நேரம், விடாத மழை, புல் சாக்கு ஒன்று மக்கிப்போனதால் நாலு நாளாகப் பெல்லட்டைக் கூட்டிப் போட்டிருந்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கொத்தமல்லியை நீட்டினேன். கொத்தமல்லி என்றால் கையைத் தட்டிப் பறிக்கிற முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதுகைக் குவித்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். சொகமாக இருக்கும்போது மெல்லக் கடிக்கும், இது அது இல்லை. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தட்டில் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

என் மாமியார், "குழந்தைக்குக் குடுக்கிறதுதானே தாயி, கொஞ்சம் ஓமத் தண்ணி ஊத்து" என்றார்கள். "இல்லத்தே, டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம்" என்றேன். குழந்தைக்கு ஒத்துக்கொள்வது முயலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடவே தொடாதீர்கள். அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அதனாலேயே முயல் செத்துப்போகும். மாடு, ஆடு அதிகம் பார்க்கும் டாக்டராக இருந்தால் நாமே மரியாதையாக ஒரு தடவை ஞாபகப்படுத்திக் கேட்டுவிடுவது நல்லது.

முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெதுவாக. பிசைந்த மாவு மாதிரி இருந்தது. தப்பட்டை மாதிரி விறைத்திருந்தால் அடைப்போ, வாயு நிறைந்து இரைப்பை உப்பியதோ இருக்கலாம். அப்போது வாயில் எதுவும் புகட்டாமல் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். முயலின் உடம்புச் சூடு 38.5இல் இருந்து 40 டிகிரி வரை இருக்க வேண்டும். 38க்குக் கீழே போனால் நிலைமை மோசம் என்று அர்த்தம், எங்கள் குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும்.

பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாத முயல் உயிர் ஆபத்தில் இருக்கிறது. அவ்வளவு நேரம் காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஜீப்பைப் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போனோம். கூடையில் புல்லும் சாக்கும் போட்டு, மேலே துணியால் மூடி, வளைவுகளில் அசையாமல் மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் வயிற்றைத் தடவி, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகு வலிக்கு ஊசி போட்டார், தோலுக்கு அடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார், குடல் ஓட ஒரு மருந்து கொடுத்தார். வலி குறைந்தால்தான் முயல் வாயைத் திறக்கும், அதனால் வலி மருந்து மிக முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னபடி ஊட்டினோம். பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து, மையாகக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்தேன். மகள் சாம்பலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், நாலு காலும் கீழே இருக்கும்படி. மல்லாத்தவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டில் அங்கே நுனியை வைத்து அரை மில்லி தள்ளி, மென்று விழுங்கும் வரை காத்திருந்து, மறுபடி அரை மில்லி. கிலோவுக்குப் பத்து மில்லி என்று ஒரு வேளைக்கு முப்பது மில்லி, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. முதல் முப்பது மில்லிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுநடுவே தரையில் விட்டு நடக்க வைத்தோம், நடந்தால் குடலும் அசையும்.

ராத்திரி மூன்று மணி இருக்கும். தட்டில் டக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகு அளவில், கோணலாக, சளி பூசிய ஒரே ஒரு புழுக்கை. மகளை எழுப்பிக் காட்டினேன். விடிவதற்குள் ஏழு விழுந்தது. எட்டு மணிக்கு ஒரு கொத்தமல்லிக் காம்பை நுனியில் இருந்து மெல்ல உள்ளே இழுத்தது.

அதோடு ஊட்டுவதை நிறுத்திவிடவில்லை. தானாகப் புல் தின்று, புழுக்கை பழைய அளவுக்கு வரும் வரை மூன்று நாள் சிரிஞ்சு தொடர்ந்தது, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே. சிரிஞ்சில் ஊட்டியது போக, அந்த வாரம் முழுக்கப் புல்லும் இலையும் மட்டும். எட்டாம் நாள் பெல்லட் 15 கிராமில் ஆரம்பித்து, பத்து நாளில் 60க்குக் கொண்டுவந்தேன். வேறு ஏதாவது ஆபரேஷனுக்காகக் கொண்டுபோனாலும், முந்தின ராத்திரி பட்டினி போடச் சொன்னால் முயலுக்கு அது தேவையா என்று கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணிக்குப் பட்டினி தேவையில்லை, கூடையில் புல்லோடுதான் கொண்டுபோக வேண்டும்.